பைக் டயர் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாட்டுவண்டி பார்த்த வேலையில் பாதியை இன்று மோட்டார் சைக்கிள் பார்க்கிறது. செண்பகத்தோப்புப் பக்கத்துத் தோப்புகளில் இருந்து மாங்காய்ப் பெட்டி அதில்தான் இறங்குகிறது. மம்சாபுரத்துப் பால் கேனும், தளவாய்புரத்துத் துணி மூட்டையும், சேத்தூர், தேவதானம் கண்மாய்க் கரையில் யூரியா மூட்டையும் அதில்தான் போகின்றன. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, தோட்டத்துக்கு மோட்டார் போடப் போய், சாயங்காலம் தென்னமட்டையைக் கட்டிக்கொண்டு திரும்புவதும் அதே வண்டிதான். இத்தனை சுமைக்கும் தரையில் ஊன்றியிருப்பது இரண்டே இடம். ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை அளவுக்குக்கூட வராது.

எஞ்சின் ஆயிலைத் தேதி வைத்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செயினுக்கு எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. டயரை மட்டும் பஞ்சர் ஆனால் ஒழியக் குனிந்து பார்ப்பவர் குறைவு. கடைசியில் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த பிறகு, "இந்தக் கம்பெனி டயர் சரியில்லை" என்று முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் குற்றம் கம்பெனி மேல் இருப்பதில்லை.

டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பது, ஏக்கருக்கு நெல் எத்தனை மூட்டை விளையும் என்று கேட்பது போலத்தான். ரகம் பாதி, மண்ணும் தண்ணீரும் பராமரிப்பும் பாதி. ஆனாலும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. 100 முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டியில், தார்ச்சாலையில் அளவான பாரத்தோடு ஓடினால் பின் டயர் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை வரும். முன் டயர் 30,000 முதல் 40,000 வரைகூட வரும். 350 சி.சி. போன்ற கனத்த வண்டிகளில் பின் டயர் 15,000-ஐ ஒட்டியே முடிந்துபோவது சகஜம். தினமும் மூட்டை சுமக்கும் மொபெட்டில் 10,000 தாண்டியதுமே பின் டயர் மொட்டை அடிப்பதைப் பார்க்கலாம். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கம்பெனி டயர் வாங்கிய இருவரில் ஒருவருக்கு 28,000 கிலோமீட்டரும் இன்னொருவருக்கு 12,000 கிலோமீட்டரும் ஓடினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

டயரும் ஒரு விளைபொருள்தான்

டயரை இரும்புக் கடைச் சாமானாக நினைப்பதால்தான் அதன் குணம் பிடிபடுவதில்லை. அதன் ஆதி ஒரு மரத்துப் பால். அமேசான் காட்டில் இருந்த ரப்பர் மரத்தின் விதைகளில் சுமார் 70,000-ஐ ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்கு வந்தது. அங்கிருந்து பரவிய மரம்தான் இன்று கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்திலும் நிற்கிறது. விடியற்காலையில் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடியும் பாலை எடுத்து, உறைய வைத்து, ஷீட்டாக அடித்துப் புகைமூட்டிக் காயவைக்கிறார்கள்.

வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்பதை 1839-இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். காற்றடைத்த டயரை 1888-இல் கொண்டுவந்தவர் ஜான் பாய்டு டன்லப். அவர் தொழில் கால்நடை மருத்துவம். மகன் ஓட்டிய மூன்றுசக்கர சைக்கிள் குலுங்காமல் போகவேண்டும் என்றுதான் அதைச் செய்தார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. இருசக்கர வண்டி டயர் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா 1982-இல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை மதுரை மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது.

இன்றைய டயரில் மரத்து ரப்பரோடு பெட்ரோலியத்தில் இருந்து வரும் செயற்கை ரப்பரும், கார்பன் கரியும், கந்தகமும், உள்ளே நைலான் நூலும், ஓரத்தில் இரும்புக் கம்பி வளையமும் இருக்கின்றன. கறுப்பு நிறம் அழகுக்காக வந்ததல்ல. அந்தக் கரி இல்லாவிட்டால் ரப்பர் சீக்கிரம் தேய்ந்துபோகும். மரத்தில் இருந்து வந்த பொருள் என்பதால் வெயில், எண்ணெய், வயது மூன்றும் அதைத் தின்னும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

காற்றுதான் பாரம் தாங்குகிறது

பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, ரெண்டு வீலுக்கும் காத்து வைங்க" என்று சொல்வோம். எவ்வளவு என்று அவர் கேட்பதும் இல்லை, நாம் சொல்வதும் இல்லை. பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கல்லு மாதிரி இருந்தால் திருப்தி. இங்கேதான் டயரின் ஆயுளில் பெரும்பங்கு கரைகிறது.

மூட்டையையும் ஆளையும் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் டயர் தட்டையாக உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிரும். மடங்கி நிமிரும் எதுவும் சூடாகும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் கொதிப்பதைப் பார்த்திருப்போம், அதே கதைதான். சூட்டில் ரப்பர் இளகும், உள்ளே நைலான் நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு விடும், டயரின் இரண்டு ஓரமும் முதலில் தேயும். காற்று 20 சதவீதம் குறைவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் ஆயுளில் கால் பங்கு வரை போகலாம் என்பது டயர் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. காற்று அதிகமானால் எதிர்ப்பக்கம்: டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு, நடுப்பகுதி மட்டும் வழுக்கையாகும். வண்டி குதிக்கும், பிரேக் பிடிப்பு குறையும்.

சரியான அளவு எது? அது வண்டியிலேயே எழுதியிருக்கும். செயின் கவர் மேலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்திலோ ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சகதி படிந்து மறைந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான 100 சி.சி. வண்டிகளில் முன் சக்கரம் 25 என்றும், ஒருவர் மட்டும் போனால் பின் சக்கரம் 28-ஐ ஒட்டியும் இருக்கும். இருவர் போனாலோ பின்னால் பாரம் ஏற்றினாலோ பின் சக்கரத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதையும் அதே ஸ்டிக்கர் தனியாகச் சொல்லும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. மூட்டை ஏற்றும் நாளுக்கு ஒரு காற்று, வெறும் வண்டிக்கு ஒரு காற்று.

காற்றை வெறுஞ்சூட்டில், அதாவது வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய டயரில் காற்று விரிந்து, அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் குறைத்துவிட்டால் மறுநாள் காலையில் டயர் சோர்ந்து கிடக்கும். டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு புள்ளி தானாக இறங்கும். டியூப் உள்ள டயரில் இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கும். ஆகவே 15 நாளுக்கு ஒருமுறை பார்ப்பது போதும். வால்வு மூடி பலருக்கு வேண்டாத பொருள். ஆனால் சகதியிலும் தூசியிலும் போகும் வண்டிக்கு அது கட்டாயம் வேண்டும். உள்ளே மண் போனால் வால்வு ஊசி சரியாக மூடாது, காற்று சன்னமாகக் கசியும்.

நைட்ரஜன் காற்று போட்டால் டயர் அதிகம் உழைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. நைட்ரஜன் போட்டதும் பயிர் பச்சை கட்டுவது போல டயரில் எதுவும் நடக்காது. கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவே. சாதாரணக் காற்றை ஒழுங்காகப் பார்ப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

பாரத்தின் கணக்கு

டயரின் பக்கவாட்டில் 80/100-18, அதன் அருகே 54P போன்ற எழுத்துகள் இருக்கும். 80 என்பது மில்லிமீட்டரில் அகலம், 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அடுத்து வரும் 54 என்பது பாரத்துக்கான குறியீட்டு எண். கிலோ கணக்கு வேறு: 41 என்றால் 145 கிலோ, 47 என்றால் 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ. இது அந்த ஒரு டயர், முழுக் காற்றோடு இருக்கும்போது தாங்கும் உச்ச அளவு.

இப்போது ஒரு பால் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கோவாவுக்குப் பின்னால் சுற்றுப்பட்டி ஊர்களில் இருந்து தினமும் இரண்டு சக்கரத்தில் வரும் பால் இருக்கிறது. 40 லிட்டர் கேன் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னால் தொங்குகிறது. பாலும் கேனுமாக 95 கிலோவைத் தாண்டும். அது முழுக்கவே பின் சக்கரத்தின் மேல். ஓட்டுபவர் எடையில் பாதிக்கு மேல், சுமார் 40 கிலோ, பின்னால் விழும். வண்டியின் எடையில் பாதி, 55 கிலோ. மொத்தம் 190 கிலோ. 54 என்ற எண் உள்ள டயர் இதைத் தாங்கும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. காற்று குறைந்தால் விளிம்பைத் தாண்டிவிடும். இதே கேன்களை மொபெட்டில் தொங்கவிட்டால், வண்டி எடை குறைவு என்பதால் பின் சக்கரத்தில் 180 கிலோ போல விழும். அந்த டயரில் 41 என்று போட்டிருந்தால் அது தாங்க வேண்டியது 145 கிலோதான். அந்த டயர் 10,000 கிலோமீட்டரில் முடிந்தது என்றால் அதுவே பெரிய உழைப்பு.

மொபெட்டின் முன்னால் கால் வைக்கும் தட்டில் மூட்டை வைப்பது நம் ஊர் வழக்கம். 45 கிலோ யூரியா மூட்டையைப் பின்னால் கட்டுவதைவிட முன்தட்டில் கிடத்துவது டயருக்கு நல்லது. பாரம் இரண்டு சக்கரத்துக்கும் பகிர்ந்து போகிறது, தாழ்வாகவும் இருக்கிறது. ஆனால் மூட்டை ஹேண்டில்பார் திரும்புவதைத் தடுக்காமல், பிரேக்கில் கால் போகும் வழியை மறைக்காமல் இருக்க வேண்டும்.

வேறு சிலர் மொபெட்டுக்குத் தாங்கட்டும் என்று பெரிய பட்டன் வைத்த டயரைப் போடுகிறார்கள். சேற்று வரப்பிலும் செம்மண் பாதையிலும் அது நன்றாகக் கடிக்கும். தார்ச்சாலையில் அதே பட்டன்கள் தனித்தனியாக நெளிந்து வேகமாகத் தேயும். வண்டி பெரும்பாலும் ஓடுவது எங்கே என்று பார்த்து டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் தாரிலும் அரை கிலோமீட்டர் வரப்பிலும் போகிறவருக்குச் சாதாரண டயரே போதும்.

வெயில், சாலை, பிரேக்

கத்திரி வெயிலில் நடுப்பகல் தார்ச்சாலை 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அந்தச் சூட்டில் ரப்பர் இளகி, அழிப்பான் தேய்வதுபோலத் தேயும். அதே தூரத்தைக் காலை ஏழு மணிக்குப் போனால் டயருக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. வேகமும் அப்படித்தான். 70-இல் போகிறவர் டயர், 45-இல் போகிறவர் டயரைவிடக் கணிசமாகச் சீக்கிரம் தேயும்.

இராஜபாளையம் நகரத்துச் சாலைகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிய காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு அது தெரியும். ஜல்லி பெயர்ந்த சாலையில் கூர்மையான கல் ரப்பரைச் சீவி எடுக்கிறது. பள்ளத்தில் வேகமாக இறங்கினால் ரிம் விளிம்புக்கும் பள்ளத்து முனைக்கும் நடுவில் டயர் நசுங்கி உள்நூல் அறுகிறது. சில நாள் கழித்து அந்த இடம் கொழுக்கட்டை மாதிரி புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு வந்த டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி, அதை மாற்றித்தான் ஆகவேண்டும். எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

பிரேக் பழக்கம் இன்னொரு காரணம். கிராமத்தில் வண்டி பழகியவர்களில் பெரும்பாலோர் கால் பிரேக்கை மட்டுமே நம்புவார்கள். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயம். உண்மையில் பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கே. பின் சக்கரத்தை மட்டும் அழுத்திப் பூட்டினால் அது உருளாமல் இழுபடும். அந்த ஒரு இடத்தில் ரப்பர் சீவிக்கொண்டு போய், டயரில் ஒரு தட்டை விழும். நேரான சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாக அழுத்தத் தொடங்கி இறுக்குவதுதான் முறை. மணல் கிடக்கும் வளைவில் மட்டும் முன் பிரேக்கைத் தொடக் கூடாது.

டயர் தேய்ந்திருக்கும் விதமே வண்டியின் நோயைச் சொல்லிவிடும். இலையைப் பார்த்துச் சத்துக் குறைபாட்டைச் சொல்வதுபோல. ஓரங்கள் மட்டும் தேய்ந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூடுதல், அல்லது எப்போதும் நேர்ச்சாலை ஓட்டம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக உட்காரவில்லை: செயின் இறுக்கியபோது இரண்டு பக்க அடையாளக் கோடும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலை அலையாக மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது, இல்லையேல் சக்கரத்தின் பேரிங்கில் ஆட்டம். ஸ்போக்ஸ் கம்பி தளர்ந்து ரிம் கோணினாலும் இதேதான். நோயைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும்.

விவசாயிகள் வண்டிக்கு மட்டும் உரிய இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று உரம். மூட்டையில் இருந்து சிந்தும் யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பு ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த ரிம்மின் விளிம்பு டியூபைக் கிழிக்கும். டியூப்லெஸ் என்றால் அந்த இடத்தில் காற்று கசியும். மற்றொன்று பூச்சிமருந்து. ஈ.சி. என்று போட்டிருக்கும் மருந்துகளில் எண்ணெய் வகைக் கரைப்பான் கலந்திருக்கும். அது பட்ட ரப்பர் உப்பி மெதுவாகும். டீசலும் மண்ணெண்ணெயும் அப்படியே. டயர் பளபளக்கட்டும் என்று டீசலில் துடைப்பவர்கள் தங்கள் கையாலேயே டயரைக் கெடுக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

முள் குத்தினால்

விருதுநகர் மாவட்டத்தில் பஞ்சருக்குப் பெரிய எதிரி ஆணியைவிடச் சீமைக்கருவேல முள்தான். வேலி வெட்டிப் போட்ட பாதையில் ஒருமுறை போனால் போதும். டியூப் உள்ள டயரில் முள் குத்தினால் காற்று சட்டென இறங்கும். ஓட்டத்தில் இருக்கும்போது அது ஆபத்து. டியூப்லெஸ் டயர் முள்ளைப் பிடித்துக்கொள்வதால் காற்று மெல்ல இறங்கும், வீடு வந்து சேர நேரம் கிடைக்கும். ஸ்போக்ஸ் சக்கரத்தில் ஆணித்துளைகள் இருப்பதால் சாதாரணமாக டியூப்தான் போட முடியும். அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் வசதி.

டியூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தில் ஒரு துணியை வைத்துச் சுற்றிலும் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். முள்ளின் முனை உள்ளே ஒடிந்து நிற்பதால்தான் ஒட்டிய மறுநாளே மீண்டும் பஞ்சர் ஆகிறது. காற்றில்லாத டயரோடு கடைவரை ஓட்டிக்கொண்டு போவது பலரும் செய்வது. ஒரு கிலோமீட்டர் அப்படிப் போனாலே உள்நூல் நசுங்கி அந்த டயரின் பலம் போய்விடும். தள்ளிக்கொண்டு போவது சிரமம்தான், ஆனால் டயர் மிஞ்சும். பக்கச்சுவரில் குத்திய ஓட்டைக்கு ஒட்டு நிற்காது.

எப்போது மாற்றுவது?

டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு ஒன்று குறுக்கே இருக்கும். அதன் இடத்தைக் காட்டப் பக்கச்சுவரில் ஒரு முக்கோணக் குறியோ ஆங்கில எழுத்துகளோ இருக்கும். தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகன டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது சட்டத்தின் கடைசி எல்லை. 1.5 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது, அதுவும் ஐப்பசி பிறப்பதற்கு முன்.

காரணம் இதுதான். காய்ந்த சாலையில் மொட்டை டயரும் பிடிக்கும். பள்ளங்களின் வேலை மழையில்தான் தொடங்குகிறது. சாலையில் நிற்கும் தண்ணீரை அவைதான் வாய்க்கால் மாதிரி வெளியே வடிக்கின்றன. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் தண்ணீர் நிற்பதுபோல, பள்ளம் தேய்ந்தால் தண்ணீர் டயருக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கும். அப்போது டயர் சாலையைத் தொடுவதே இல்லை, தண்ணீரின் மேல் வழுக்குகிறது. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் மிதக்கும். மலையடிவார ஊர்களில் வடகிழக்குப் பருவமழை ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கும். திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகும் வண்டி அந்த நேரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. 2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு எல்லா மாநிலங்களிலும் அதிக விபத்து நடந்தது தமிழ்நாட்டில்: 64,105.

இனி பணக் கணக்கு. பின் டயர் 2,000 ரூபாய் என்றும், அது 25,000 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 8 பைசா. தினமும் 40 கிலோமீட்டர் போகிறவர் மொட்டை டயரை இன்னும் இரண்டரை மாதம், சுமார் 3,000 கிலோமீட்டர், தள்ளிப்போட்டு ஓட்டினால் அவருக்கு மிச்சம் 240 ரூபாய். மழைக்காலத்தில் அந்த 240 ரூபாய்க்கு எதைப் பணயம் வைக்கிறோம் என்பதை வீட்டில் உள்ளவர்களும் யோசிக்கலாம். அதே வண்டிக்குப் பெட்ரோல் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. காற்று குறைந்த டயர் பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். ஆக, காற்றைச் சரியாக வைப்பதில் கிடைக்கும் மிச்சம், டயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதில் கிடைக்காது.

தம் டயர் எத்தனை கிலோமீட்டர் வரும் என்பதைத் தாமே கணக்கிடலாம். புது டயரில் பள்ளம் 6 மில்லிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொண்டு, 10,000 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் அளக்க வேண்டும். 4.4 இருந்தால் 1.6 தேய்ந்திருக்கிறது. 1.5 வரை விட்டு மாற்றுவதென்றால் தேயக்கூடியது 4.5 மில்லிமீட்டர். 4.5-ஐ 1.6-ஆல் வகுத்தால் 2.8. அந்த டயர் 28,000 கிலோமீட்டர் வரும். உர அட்டைக்குப் பின்னால் எழுதி வைத்தாலே போதும்.

கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் டயருக்கு வயது ஆகும். வெயிலிலேயே நிற்கும் வண்டியின் டயரில் ஐந்தாறு ஆண்டில் பக்கச்சுவர் கரிசல்காடு வெடித்த மாதிரி கீறல் விடும். அது பட்டன் இருந்தும் பயனற்ற டயர். பிறந்த தேதி பக்கச்சுவரிலேயே நான்கு எண்ணாக இருக்கும். 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம். கடையில் வாங்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். தள்ளுபடி விலையில் தருகிறார்கள் என்றால் முதலில் இந்த எண்ணைத்தான் தேட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், இருசக்கர வாகன டயருக்கான 15627 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்றும் பார்த்து, பில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கறுப்பு பூசி, பாதி விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய பள்ளத்துக்கு அடியில் மிஞ்சியிருப்பது நைலான் நூல் மட்டுமே. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரீட்ரேட் செய்வதைக் காட்டி இதுவும் அப்படித்தான் என்பார்கள். அது முறையாகப் புது ரப்பர் பதித்துச் சூட்டில் இறுக்கும் வேலை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

புது டயர் மாட்டும்போது பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். டியூப் உள்ள வண்டி என்றால் டியூபையும் புதிதாகப் போட்டுவிடலாம். பழைய டியூப் நீண்டு தளர்ந்திருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழுந்து அங்கேயே கிழியும். முதல் 100, 150 கிலோமீட்டர் வரை புது டயர் வழுக்கும். மேலே அச்சில் இருந்து வந்த பிசுக்கு தேய்ந்து போகும்வரை வளைவில் சாயாமல், பிரேக்கை அடித்துப் பிடிக்காமல் ஓட்ட வேண்டும்.

கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. கொல்லைப்புறத்தில் போட்டால் மழைத்தண்ணீர் தேங்கி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் அதில் பெருகும். மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டியாக வெட்டிப் பயன்படுத்துவோர் ஓரத்துக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீவனத்தோடு கம்பித்துண்டு வயிற்றுக்குள் போனால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. போகிக்கு டயர் எரிக்கும் வழக்கம் இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. அதில் வரும் புகையில் கந்தக வாயுவும் கரியும் இருக்கின்றன. தொழுவத்துக்கும் குழந்தைகள் படுக்கும் அறைக்கும்தான் அது முதலில் போகும்.